யாதொரு பின்தொடர்ச்சியும் இல்லை

பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியில் பட்டா நகலைத் தேடப் போன என் மகள், கூடவே ஒரு பழைய பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். பயிர்க்கடனுக்காகக் கூட்டுறவுச் சங்கத்தில் பட்டா கேட்டிருந்தார்கள். எனக்கு வேண்டியது அது மட்டும்தான். அதை என் கையில் கொடுத்துவிட்டு, மற்றதை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டாள். 2007ஆம் ஆண்டு எழுதிய விடுதலைப் பத்திரம் அது. எங்கள் அப்பாவின் நிலத்தில் என் இரண்டு அக்காக்களுக்கும் இருந்த பாகத்தை எனக்கும் அண்ணனுக்கும் விட்டுக்கொடுத்த பத்திரம். கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, “இதற்கு அத்தைகளுக்கு என்ன கொடுத்தீர்கள்?” என்று கேட்டாள். “ஆளுக்கொரு பட்டுப்புடவை, மத்தியானச் சாப்பாடு” என்று உள்ளதைச் சொன்னேன். வேடிக்கையாக எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் உறையைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் கணக்குப் போடத் தொடங்கினாள். அந்த உறை இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது.

சட்டத்தைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஓர் அபிப்பிராயம் உண்டு. என் வயதுக்காரர்கள் பலரிடமும் இருப்பதுதான். சட்டம் போட்டு என்ன ஆகப் போகிறது, மனிதர் மனம் மாற வேண்டாமா என்பது. வரதட்சணைக்குச் சட்டம் இருக்கிறது, வரதட்சணை நின்றதா? தலைக்கவசத்துக்குச் சட்டம் இருக்கிறது, அது பெட்ரோல் டாங்கின் மேல்தானே உட்கார்ந்து பயணம் செய்கிறது? இப்படிப் பேசுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பேசுகிறவன் சட்டத்தைவிட ஒரு படி மேலே, மனம் என்கிற உயர்ந்த தளத்தில் நிற்பதாக ஒரு தோற்றம் கிடைக்கும். அந்த உறையின் பின்பக்கத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. ஏனென்றால் இந்த விஷயத்தில் மாற வேண்டிய மனம் யாருடையது என்று கேட்டால், என்னுடையதுதான்.

பெயர் இல்லாத அத்தை

முதலில் எங்கள் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை. இளம் வயதிலேயே கணவனை இழந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து, சாகும்வரை எங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே இருந்தவள். நெல் அவிப்பது, ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்குவது, எங்கள் நால்வருக்கும் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது எல்லாம் அவள்தான். அவளுக்கென்று ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதில் இரண்டு வெள்ளைப் புடவைகளும் ஒரு கந்தசஷ்டிப் புத்தகமும் இருந்தன. யாராவது விருந்தாளி வந்தால் அவளாகவே பின்கட்டுக்குள் போய்விடுவாள். போகச் சொன்னவர் யாருமில்லை. இரு என்று சொன்னவரும் இல்லை.

தாத்தா இறந்தது 1953இல். இந்து வாரிசுரிமைச் சட்டம் வருவதற்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. பூர்வீக நிலம் ஆண் வாரிசுக்குப் போவது பொழுது விடிவதைப் போல இயல்பாக நடந்தது. அப்பா ஒரே மகன், அவர் பெயருக்கு வந்தது. அத்தையை யாரும் ஏமாற்றவில்லை. மிரட்டவில்லை, கெஞ்சவில்லை, ஒரு புடவை எடுத்துக் கொடுத்துச் சமாதானப்படுத்தவும் இல்லை. ஏமாற்றுவதற்குக்கூட அவளிடம் ஏதாவது இருந்திருக்க வேண்டுமே! டிரங்குப் பெட்டியில் உள்ள அத்தனை காகிதங்களையும் இந்த ஒரு மாதத்தில் இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டேன். தாத்தாவின் கிரயப் பத்திரங்கள், நிலவரி ரசீதுகள், 1961இல் ஒரு வண்டி மாடு வாங்கியதற்கான கைச்சீட்டு வரை இருக்கின்றன. அந்த மாட்டின் நிறமும் கொம்பும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. அத்தையின் பெயர் ஒரு தாளிலும் இல்லை.

இதையும் அப்பாவின் குற்றமாக நான் சொல்ல வரவில்லை. அவர் தங்கையை நன்றாகத்தான் வைத்துக்கொண்டார் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ‘வைத்துக்கொண்டார்’ என்ற அந்தச் சொல்தான் இப்போது என்னை உறுத்துகிறது.

மேல்மடையும் கீழ்மடையும்

சட்டம் எதற்கு என்று கேட்டால் ஒழுங்குக்கு என்பார்கள். ஒழுங்குக்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை என்பதைக் காவிரிப் பாசனத்தில் வளர்ந்த எவனும் சொல்வான். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவோம். இரவு இரண்டு மணிக்கு என் முறை முடிகிறதென்றால், அடுத்த வயல்காரர் அரிக்கேன் விளக்கோடு வரப்பில் வந்து நிற்பார். நான் மடையை அடைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நாற்றங்கால் விட்ட பிறகு ஆடு மாடு அவிழ்த்துவிடக் கூடாது, அவிழ்த்தால் பட்டியில் அடைத்து அபராதம். இவையெல்லாம் எந்தச் சட்டசபையிலும் நிறைவேறியவை அல்ல. ஊர்க்கட்டுப்பாடு. பெரும்பாலும் யாரும் மீறுவதில்லை.

ஏன் மீறுவதில்லை என்பதை யோசித்தால்தான் விஷயம் பிடிபடுகிறது. மேல்மடைக்காரன் நினைத்தால் கீழ்மடைக்குத் தண்ணீர் விடாமல் இருக்கலாம். ஆனால் ஐப்பசி மழையில் வயல் மூழ்கும்போது மேல்மடையின் வடிகால் கீழ்மடைக்காரன் வயல் ஓரமாகத்தான் போக வேண்டும். ஒருவன் குடுமி இன்னொருவன் கையில். பழக்கத்தால் வந்த நியாயம் எல்லாமே இப்படி ஒருவரையொருவர் தொந்தரவு செய்ய வல்லவர்களுக்கு நடுவில் ஏற்பட்டதுதான். இருபத்தைந்து மைல் தள்ளி வாழ்க்கைப்பட்டுப் போன அக்கா எந்த மடையை அடைப்பாள்? அவளுக்கு எங்களிடமிருந்து வர வேண்டியவைதான் ஏராளம்: தலைப்பொங்கல் சீர், பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி, பெண் பெரியவளானால் பச்சை ஓலைக் குடிசை கட்ட மாமன் கை, மாமியார் வீட்டில் ஒரு சொல் வந்தால் ‘எனக்குப் பிறந்த வீடு இருக்கிறது’ என்று நிமிர ஒரு வாசல். நிலத்தைக் கேட்டால் இத்தனையும் போய்விடும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. இரு தரப்புக்கும் தெரியும். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் அண்ணன் தம்பி வரப்புத் தகராறை எத்தனையோ முறை பேசித் தீர்த்திருக்கிறார்கள். பெண் பாகம் கேட்டு ஒரு பஞ்சாயத்துக் கூடியதாக என் நினைவில் இல்லை. அந்த ஆலமரத்தடியில் அவர்கள் உட்காருவதே இல்லையே.

ஆகவே எங்கள் வீட்டில் சாப்பிடாத, எங்கள் வாய்க்காலில் தண்ணீர் எடுக்காத, எங்கள் சீர்வரிசை தேவைப்படாத ஒருவர்தான் அவளுக்காகப் பேச முடியும். அவர் எங்கோ சென்னையிலோ டெல்லியிலோ இருந்துகொண்டு, எங்களை யாரென்றே தெரியாமல் ஒரு வரியை எழுத வேண்டியிருந்தது.

முகூர்த்த நாளும் சட்டசபையும்

அந்த வரியை எழுத எவ்வளவு காலம் ஆயிற்று என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. பெண்களுக்கும் ஆண்களைப் போலச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா இழுத்தடிக்கப்பட்டது தாங்காமல் அம்பேத்கர் 1951இல் சட்ட அமைச்சர் பதவியையே விட்டு விலகினார். 1956இல் வந்த வாரிசுரிமைச் சட்டம், அப்பாவின் தனிச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பங்கு கொடுத்தது. பூர்வீகச் சொத்தில் மட்டும் மகன் பிறக்கும்போதே பங்காளி. மகள் அப்படி இல்லை. அப்பா இறந்த பிறகு அவர் பாகத்தில் ஒரு துண்டு அவளுக்கு உண்டு, அவ்வளவுதான். குடியிருக்கும் வீட்டில் அவளுக்குப் பங்கு இருந்தாலும், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை அவளாகப் பிரித்துக் கேட்க முடியாது என்று 23ஆம் பிரிவு வேறு வாசலில் காவல் நின்றது. அந்தப் பிரிவை 2005இல்தான் நீக்கினார்கள்.

பூர்வீகச் சொத்தில் மகளையும் பிறப்பால் பங்காளி ஆக்கிய தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்தது. அதில் ஒரு நிபந்தனை இருந்தது. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்ட மகளுக்கு இது கிடையாது. என் பெரியக்காவுக்குக் கல்யாணம் 1984இல். சின்னக்காவுக்கு 1992இல். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே பாயில் படுத்து, ஒரே ரிப்பனை இரண்டாக வெட்டிப் பின்னிக்கொண்ட இருவருக்கு நடுவே அந்தத் தேதி ஒரு கோடு கிழித்தது. என் மகள் உறையில் போட்ட கணக்கு இதுதான். எங்களுடையது மூன்று ஏக்கர், எங்கள் பக்கத்துப் பேச்சில் ஒன்பது மா. அப்பா 2001இல் காலமானார். 1956 சட்டம் மட்டும் இருந்திருந்தால் ஒவ்வோர் அக்காவுக்கும் 20 சென்ட். 1989 திருத்தத்தின்படி சின்னக்காவுக்கு எனக்கும் அண்ணனுக்கும் உள்ளதைப் போலவே 90 சென்ட்; பெரியக்காவுக்கு அப்பாவின் பாகத்திலிருந்து வரும் 15 சென்ட் மட்டும். தங்கைக்குக் கிடைத்ததால் அக்காவுக்கு ஐந்து சென்ட் குறைந்துபோயிற்று! இந்த அநியாயத்தைப் பற்றி ஒருமுறை பெரியக்காவிடம் பேசியபோது, “என் ஜாதகத்தைப் பார்த்த ஜோசியர் சட்டசபையையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்” என்றாள்.

2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டமே திருத்தப்பட்டு, கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லா மகள்களும் பங்காளிகள் ஆனார்கள். அந்தக் கணக்கில் எங்கள் நால்வருக்கும் ஆளுக்கு 72 சென்ட், அம்மாவுக்கு 12. ஆனால் 2015இல் உச்ச நீதிமன்றம், அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்கு உரிமை என்றது. எங்கள் அப்பா இல்லை. 2020 ஆகஸ்ட் 11 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, உரிமை பிறப்பால் வருவது, அப்பா உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியே வேண்டியதில்லை என்று தீர்த்துவைத்தது. பெரியக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அப்போது பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. “வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. நம் ஊர்க் கரண்டைப் போல” என்றாள். சட்டத்தின் மேல் எனக்கு இருந்த இளக்காரத்துக்கு இதுவும் ஒரு காரணம். நியாயம் என்பது இப்படித் தேதிக்குத் தேதி மாறுமா? மாறாதுதான். ஆனால் நியாயம் மனத்தில் மட்டும் இருந்த காலத்தில் அத்தைக்கு 20 சென்ட்கூட இல்லை.

கூண்டுக்கு முன்னால்

2007க்கு வருகிறேன். அக்காக்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியிருக்கவே இருக்காது. மேட்டூர் ஜூன் 12இல் திறப்பதை நம்பிக் குறுவை போட முடியாது என்று ஆகிவிட்டிருந்தது. போர்செட் போட வங்கியில் கடன் கேட்டோம். வங்கியின் வக்கீல் வாரிசுச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, “இரண்டு பெண்கள் இருக்கிறார்களே, அவர்கள் விடுதலை எங்கே?” என்றார். நாங்கள் சீர் செய்த கதையை அண்ணன் சொன்னான். வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டு, “சீருக்கு ரசீது உண்டா?” என்று கேட்டார். சட்டம் எங்கள் வீட்டுக்குள் வந்தது மனசாட்சி வழியாக அல்ல. வங்கி வக்கீலின் சந்தேகத்தின் வழியாக வந்தது. நாளை நிலத்தை வாங்குகிறவன், இன்றைக்குக் கடன் கொடுக்கிறவன், இவர்களுக்கு இருக்கும் பயம்தான் பல வீடுகளில் பெண்ணின் பெயரை முதன்முதலாகத் தாளில் ஏற்றியிருக்கிறது.

பத்திரம் எழுதுபவர் விஷயம் தெரிந்தவர். பெரியக்காவின் கல்யாண வருஷத்தைக் கேட்டுக்கொண்டு, “எதற்கும் இரண்டு பேரிடமும் வாங்கிவிடுங்கள்” என்றார். “கையெழுத்து அன்றைக்குப் புடவை எடுத்துக் கொடுத்துவிடுங்கள், மனது குளிர்ந்திருக்கும்” என்று இலவசமாக ஓர் ஆலோசனையும் தந்தார். எல்லா வீட்டிலும் நடப்பதைத்தான் சொன்னார். அண்ணி போய் எடுத்து வந்தாள். பெரியக்காவுக்கு மாம்பழ நிறம், சின்னக்காவுக்கு அரக்கு.

அன்று முகூர்த்த நாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம் வாசல்வரை நின்றது. வேப்பமரத்தடியில் வேனை நிறுத்திவிட்டுப் பதினொரு மணியிலிருந்து காத்திருந்தோம். அக்காக்கள் இருவரும் பழைய கதைகள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பெயர் கூப்பிட்டு, எங்கள் முறை வந்தபோது மணி ஒன்றரை. அந்த அதிகாரி உயர்ந்த மேடையில், மரக் கிராதிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பத்திரத்தைப் புரட்டினார். பெரியக்காவிடம், “எழுதிக் கொடுக்கச் சம்மதமா?” என்றார். “சம்மதம்” என்றாள். கையெழுத்து, பெருவிரல் ரேகை, முடிந்தது. சின்னக்காவிடம் என்ன காரணத்தாலோ வேறு விதமாகக் கேட்டார். “இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா அம்மா?”

அவள் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அவள் என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், பிறகு கிராதிக்கு மேலே கையை நீட்டி, “கொடுங்கள், படிக்கிறேன்” என்றாள். பின்னால் இருந்த கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். பத்திரம் எழுதுபவரின் உதவியாள் கடிகாரத்தைப் பார்த்தான். அண்ணன் என் தோளருகே, “இங்கே வந்து என்ன படிப்பு” என்று முணுமுணுத்தான். அதிகாரி ஒன்றும் சொல்லாமல் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவள் எட்டாம் வகுப்புவரை படித்தவள். வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தாள். ‘என் முழு மனதுடனும், யாருடைய தூண்டுதலும் இன்றியும்’ என்ற இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. அதை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அரக்குப் புடவையின் புது மடிப்பு இன்னும் கலையவில்லை.

“யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை என்று போட்டிருக்கிறதே, அப்படியென்றால் என்ன சார்? இனிமேல் அந்த வீட்டுக்கு நான் வரக்கூடாதா?”

“வரலாம் அம்மா. கேட்கத்தான் முடியாது.”

அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். கால் நிமிஷம் இருக்கும். எனக்கு அது பெரும் நேரமாகப் பட்டது. அந்தக் கால் நிமிஷம் நான் என்ன நினைத்தேன் என்பதை இப்போது ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கையெழுத்துப் போடமாட்டாளோ என்று பயந்தேன். அவளுக்காக ஒரு நொடியும் நினைக்கவில்லை. என் வாழ்நாளில் சின்னக்காவைக் கண்டு நான் பயந்தது அந்த ஒரு முறைதான். பிறகு அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். தன் பெயரை முழுதாக, தலைப்பெழுத்தோடு, பள்ளிக்கூடத்தில் எழுதுவதைப் போல எழுதினாள். திரும்பி வரும்போது வேனில் பெரியக்கா தூங்கிவிட்டாள். சின்னக்கா ஜன்னலைப் பார்த்தபடி, யாரிடம் என்றில்லாமல், “என்னை யாரும் இதுவரைக்கும் ஒன்றைக் கேட்டுவிட்டுச் செய்ததில்லை” என்றாள். அதைக் குறை என்று எடுத்துக்கொள்வதா, சந்தோஷம் என்று எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் நான் டிரைவரிடம் பாட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன்.

இருந்ததைத்தான் விட முடியும்

இந்தக் கதையைச் சொன்னால் என் சித்தப்பா மகன், “பார்த்தாயா, சட்டம் இருந்தும் என்ன ஆயிற்று, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாளே” என்பான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நிலம் எங்களிடம்தான் இருக்கிறது, அதில் மாற்றம் இல்லை. ஆனால் விடுதலைப் பத்திரம் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இருந்த ஒன்றைத்தான் விடுதலை செய்ய முடியும். அத்தையிடம் விடுவதற்கு ஒன்றும் இல்லை. அதனால் அவளிடம் கேட்பதற்கும் ஒன்றும் இல்லை. சின்னக்காவின் பெயர் அந்தப் பத்திரத்தில் பதினொரு இடத்தில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். அவளிடம் நாங்கள் போக வேண்டியிருந்தது. தேதி கேட்டு, வேன் வைத்து அழைத்து வந்து, வேப்பமரத்தடியில் காத்திருந்து, முன்பின் தெரியாத ஒருவர் ‘உனக்குத் தெரியுமா’ என்று கேட்டு, அவள் படித்து, அந்தக் கால் நிமிஷம் எங்கள் மூன்று ஏக்கரும் அவள் பேனா முனையில் நின்றது. இதில் எதையும் என் மனம் செய்யவில்லை. செய்யவைத்தது அந்த ஒற்றை வரி.

சட்டம் மனத்தை மாற்றாது என்பது சரிதான். மனம் மாறாதவனையும் அது ஒரு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதற்கு மேல் இன்னொரு காரியமும் செய்கிறது: பழியைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறது. எங்கள் தெருவில் ஒருவர் தங்கைக்குப் பாகம் கொடுத்தார். கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசைதான், வீட்டில் ஒப்பவில்லை. “நான் என்ன செய்வது, அவள் கையெழுத்து இல்லாமல் மனை விற்காது என்று வக்கீல் சொல்லிவிட்டார்” என்று மனைவியிடமும் மகன்களிடமும் சொல்லியே காரியத்தை முடித்துவிட்டார். நல்லது செய்ய விரும்புகிறவனுக்கும் ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. கேட்கிற பெண்ணுக்கு அது இன்னும் வேண்டும். ‘எனக்குக் கொடு’ என்று சொன்னால் பேராசைக்காரி. ‘சட்டத்தில் இருக்கிறதாமே’ என்றால் யாரோ சொன்னதைச் சொல்கிறவள். இந்த ‘ஆமே’ எத்தனை பெண்களுக்கு வாயைத் திறந்து கொடுத்திருக்கும்!

குறையும் தெரியும். பாகப்பிரிவினை வழக்கு போட்டால் தீர்ப்பு வருவதற்குள் வாதி போய்ச் சேர்ந்துவிடுகிறார். புடவையும் சாப்பாடும் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதை எந்தப் பிரிவாலும் தடுக்க முடியாது. ‘முழு மனதுடன்’ என்று எழுதிய தாளுக்கு முழு மனம் எது என்று தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது நேர்மையான பதிவாக இருக்காது. 2013இல் சின்னக்கா, மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக என்னிடம் எண்பதாயிரம் கடன் கேட்டாள். கடன் என்றுதான் கேட்டாள். கொடுத்தேன். எங்கள் வயலில் தை அறுவடை முடிந்ததும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்து திருப்பிக் கொடுத்தாள். நான் எண்ணி வாங்கிக்கொண்டேன். அந்த அறுவடை நடந்த வயலுக்குத் தண்ணீர் இறைத்தது, அவள் கையெழுத்தைக் காட்டி வாங்கிய கடனில் போட்ட போர்செட்.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். உறையை எடுத்துப் போகவில்லை, கணக்கு மனப்பாடமாகிவிட்டது. காபி கொடுத்தாள். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, என் பாகத்திலிருந்து அரை ஏக்கர் அவளுக்குக் கொடுக்கலாம் என்று இருப்பதாகச் சொன்னேன். அண்ணன் அவன் பங்கிலிருந்து கொடுப்பானா என்று எனக்குத் தெரியாது, என்னுடையதை நான் தருகிறேன், நீயே சாகுபடி செய்துகொள் அல்லது குத்தகைக்கு விடு என்றேன். கண் கலங்குவாள், வேண்டாம் என்பாள், நான் வற்புறுத்த வேண்டியிருக்கும் என்றெல்லாம் வரும் வழியில் பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

அவள் டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“கொடுப்பதென்றால் பத்திரமாக எழுதிக் கொடு தம்பி. வாயால் வேண்டாம்.”

“எழுதித்தான் கொடுப்பேன்.”

“எந்தப் பக்கம்? போர்செட் இருக்கும் பக்கமா, இல்லாத பக்கமா?”

நான் நினைத்துப் போனது இல்லாத பக்கத்தை.